வீட்டில் ஒருவருக்குக் காசநோய்: மற்றவர் உடலில் நிகழ்வது என்ன?

தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் சானடோரியம் தொடங்கியபோது காசநோய்க்கு மருந்தில்லை. நல்ல காற்று, சத்துணவு, ஓய்வு ஆகியவற்றால் உடலே நோயை வெல்லட்டும் என்று விட்டனர். உடலுக்கு அந்த ஆற்றல் ஓரளவு உண்டு.

நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமி, அருகிலிருப்போரின் நுரையீரலை அடைகிறது. அங்குள்ள காவல் அணுக்கள் அதனை விழுங்குகின்றன. ஆயினும் அது எளிதில் சாவதில்லை. சில வாரங்களில் வேறு வெள்ளணுக்களும் திரண்டு, சுற்றிலும் வரப்புக் கட்டுவதுபோல் கிருமியை வளைத்து அடைக்கின்றன. உள்ளே அது கோடையில் மண்ணடியில் கிடக்கும் கோரைக்கிழங்கு போல் உறங்கும். இந்நிலையில் இருப்பவர் நோயாளி அல்லர். பிறருக்குப் பரப்பவும் மாட்டார். தொற்றியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே பின்னர் நோய் வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில். அரைவயிற்று உணவு, நீரிழிவு, குடி, புகை, எச்.ஐ.வி. ஆகியவை வரப்பைக் கரைப்பவை.

தடுப்பூசி போட்டாயிற்றே என்பீர்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் பி.சி.ஜி. ஊசி சோதிக்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய்க்கு அது காப்பாகும்; பிறந்தவுடன் போட்டுவிடுங்கள்.

நோயாளியைத் திண்ணையில் ஒதுக்குவது வீண் கொடுமை. சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வில், வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்று பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்பே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே வீட்டார் அனைவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கட்டணமில்லை. நோயில்லாதவருக்கு, உறங்கும் கிருமியை ஒழிக்கும் தடுப்பு மாத்திரை உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை முதலில் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் உடல் கட்டும் வரப்பு உறுதியற்றது.