பாட்டரியைக் கடைசியில் சந்தேகியுங்கள்



தரை பெருக்கும் ரோபோ நம் தீவுத் தமிழ் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளிலும், முழங்கால் வலியால் குனிந்து பெருக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீடுகளிலும் அது நல்ல துணை. ஆனால் வாங்கி இரண்டு வருடம் ஆவதற்குள் "சார்ஜ் நிற்கவில்லை" என்ற புகார் தவறாமல் வருகிறது. சங்கக் கூட்டங்களில் பலரும் இதையே கேட்பதால், எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ படித்து, ரயில்வே மின்பிரிவில் பெட்டிகளின் விளக்கு, மின்விசிறிப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ரயிலே ஓடாத ஊரில் ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் பாட்டரிக்கு ரயில் என்றும் ரோபோ என்றும் பேதம் தெரியாது.

ஏ.சி. இல்லாத பழைய பெட்டிகளில் சக்கர அச்சிலிருந்து பெல்ட் மூலம் சுழலும் 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டர் இருக்கும். வண்டி ஓடும்போது அது 110 வோல்ட் பாட்டரியைச் சார்ஜ் செய்யும். வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது விளக்கு மங்கினால் பயணிகள் "பாட்டரி வீக்" என்பார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது பெல்ட்டை. அடுத்து ஆல்டர்னேட்டர், அதன் பிறகு ஒயர் முனைகளில் பூத்திருக்கும் உப்பு. இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் பாட்டரியைக் கழற்றுவோம். வீட்டு ரோபோவுக்கும் இதே வரிசைதான்.

இந்த வரிசை நமக்கு ஏன் முக்கியம்? தீவில் புதுப் பாட்டரி கிடைப்பது எளிதல்ல. லித்தியம் பாட்டரியை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. கப்பலில் வந்தால் நாள் பிடிக்கும். காத்திருந்து வாங்கிப் போட்டபின் பழைய குறையே தொடர்ந்தால் பணமும் வீண், பொறுமையும் வீண்.

1. மின்சாரமும் அடாப்டரும்

நம் தீவுகளுக்கு இந்தியப் பெருநிலத்தின் மின்தொடரோடு இணைப்பு கிடையாது. பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களாலும், கொஞ்சம் சூரிய ஒளியாலும் நமக்கு மின்சாரம் கிடைக்கிறது. வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதும் அவ்வப்போது கரண்ட் போவதும் நமக்குப் புதிதல்ல.

ரோபோவின் அடாப்டரில் உள்ள எழுத்துக்களைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அச்சிட்டிருக்கும். ஆகவே மாலையில் விளக்கு மங்குகிற அளவு வோல்ட்டேஜ் குறைந்தாலும் அடாப்டர் சமாளித்துக்கொள்ளும். அதைக் கெடுப்பது, போன கரண்ட் திரும்பி வரும்போது ஏற்படும் திடீர் எகிறல்தான். சர்ஜ் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றில் சொருகுவது நல்லது.

அடாப்டர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய மல்டிமீட்டர் போதும். அதன் வெளிவரும் முனையில் டி.சி. வோல்ட்டேஜ் பாருங்கள். பெரும்பாலான ரோபோக்களுக்கு இது 19 முதல் 24 வோல்ட்டுக்குள் இருக்கும். லேபிளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால் சரி. சார்ஜர் ஸ்டாண்டின் தகடுகளில் அளந்து ஏமாற வேண்டாம். சில ஸ்டாண்டுகள் ரோபோ வந்து உட்காரும் வரை முழு வோல்ட்டேஜை வெளியே விடுவதில்லை. தனி அடாப்டர் இல்லாமல் ஸ்டாண்டுக்குள்ளேயே 230 வோல்ட் நேராகப் போகும் வகையாக இருந்தால், அதைத் திறக்கவே கூடாது.

இன்னொன்று. முழுச் சார்ஜ் ஏற நாலைந்து மணி நேரம் பிடிக்கும். நடுவில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை என்றால், காலை ஆறு மணிக்குப் புறப்பட வைத்த ரோபோ அரைச் சார்ஜோடுதான் புறப்படும். பாட்டரி மீது பழி சொல்வது நியாயமல்ல. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஸ்டாண்டை அந்த லைனில் மாற்றிவிடுங்கள். சாதாரண ஸ்டாண்டு எடுப்பது ஒரு பழைய மின்விசிறியை விடக் குறைவான மின்சாரமே.

2. தொடுமுனைத் தகடுகள்

நம் ஊரில் முதல் குற்றவாளி இதுதான். அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. காற்றில் ஈரமும் கடல் உப்பும் எப்போதும் உண்டு. ஸ்டாண்டில் இரண்டு தகடு, ரோபோவின் அடியில் இரண்டு தகடு. இந்த நான்கின் மீதும் கண்ணுக்குத் தெரியாத படலம் படியும். நாளாக ஆக அது வெண்மையாகவோ பச்சையாகவோ பூக்கும். படலம் இருந்தால் சார்ஜ் விட்டு விட்டு ஏறும். இரவெல்லாம் ஸ்டாண்டில் இருந்தும் காலையில் 60 சதவீதம் காட்டினால் முதலில் தகட்டைப் பாருங்கள்.

டெலானிப்பூரில் ஒரு வீட்டில் ரோபோ பத்து நிமிடத்தில் படுத்துவிடுகிறது என்றார்கள். பாட்டரி போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தகட்டைத் துடைத்து ஓர் இரவு ஸ்டாண்டில் வைத்தோம். மறுநாள் அது வீடு முழுவதும் பெருக்கிவிட்டுத் தானாகவே திரும்பியது. செலவு, பிள்ளைகளின் பென்சில் ரப்பர் ஒன்று.

துடைக்கும் முறை இதுதான். முதலில் பிளக்கைப் பிடுங்கி, ரோபோவின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். உலர்ந்த துணியால் துடைத்து, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். செல்போன் ரிப்பேர் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். மேற்பூச்சு போய்விட்டால் உப்புக்காற்று இன்னும் வேகமாக அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம், தூசிதான் ஒட்டும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை, மற்றக் காலத்தில் மாதம் இருமுறை இதைச் செய்தால் போதும்.

தரை துடைக்கும் வசதி உள்ள ரோபோ என்றால், வேலை முடிந்ததும் ஈரத்துணியைக் கழற்றிவிடுங்கள். ஈரத்துணியோடு ஸ்டாண்டில் இரவெல்லாம் நிற்பது, தகட்டுக்கு நாமே உப்புத்தண்ணீர் தெளிப்பது போலத்தான்.

3. ஸ்டாண்டின் இடம்

ரோபோ ஸ்டாண்டைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியால். இரண்டு பக்கமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் இடம் விடுங்கள். நேர் வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே வைத்தால் ரோபோ தடுமாறும். வழவழப்பான டைல்ஸ் மீது ஸ்டாண்டு நகர்ந்தால், ரோபோ முட்டி முட்டித் தவித்து மிச்சச் சார்ஜையும் தீர்த்துவிடும். இருபுறமும் ஒட்டும் டேப் போட்டு ஸ்டாண்டை நிலைநிறுத்துங்கள்.

தகரக் கூரை வீடுகளில் பிற்பகல் வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். லித்தியம் பாட்டரி ஏறத்தாழ 45 டிகிரிக்கு மேல் சூடானால், காவல் சர்க்யூட் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். அது கோளாறு அல்ல, பாதுகாப்பு. ஆறியதும் தானே ஏறும்.

4. ரோபோவின் சுமை

ஒரு சிறு கணக்கு. சாதாரண ரோபோவில் 14.4 வோல்ட், 2.6 ஆம்பியர்-மணி பாட்டரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 37.4 வாட்-மணி. ரோபோ 25 வாட் எடுத்தால் 90 நிமிடம் ஓடும். 40 வாட் எடுத்தால் 56 நிமிடம்தான். பாட்டரி அதேதான், சுமைதான் கூடியது.

சுமை எதனால் கூடுகிறது? நம் வீடுகளில் நீளமான தலைமுடி, பூத்தொடுத்த வாழைநார், தேங்காய் நார் மூன்றும் உருளை பிரஷிலும் சக்கர அச்சிலும் இறுகச் சுற்றிக்கொள்கின்றன. வாரம் ஒரு முறை பிரஷைக் கழற்றி, கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். முன்சக்கரத்தையும் இழுத்துப் பாருங்கள். அதனுள் ஒரு முடிக்கற்றை இருக்கும். கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போய் வந்த செருப்பு மணலையும் கோலமாவையும் முதலில் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். இந்த நுண்பொடி ஃபில்டரை அடைக்கும். அடைந்ததும் உறிஞ்சல் குறையும். உடனே நாம் வேகத்தை "மேக்ஸ்" என்று கூட்டுவோம். சார்ஜ் அதில்தான் கரைகிறது. ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, சாதாரண வேகத்தில் ஓட்டுங்கள்.

5. இப்போது பாட்டரி

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் குறை நீடித்தால் பாட்டரிக்கு வருவோம். 14.4 வோல்ட் பாட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் செல்கள் நான்கு தொடராக இருக்கும். நாலு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் பல்லக்கே நிற்கும் அல்லவா? அதுபோல ஒரு செல் தளர்ந்தாலும் முழுப் பாட்டரியும் நின்றுவிடும்.

அடையாளங்கள் இவை. வெறும் அரை மணியில் 100 சதவீதம் காட்டி, சீக்கிரமே தீர்ந்தால் கொள்ளளவு தேய்ந்துவிட்டது. 50, 60 சதவீதம் காட்டும்போதே திடீரென அணைந்தால் ஒரு செல் தளர்ந்திருக்கலாம். சதவீதக் கணக்கு பிசகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே ஒரு முறை முழுவதும் ஓட விட்டு, பிறகு தடையின்றி முழுச் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். இதை எப்போதாவது செய்தால் போதும். அடிக்கடி அடிமட்டம் வரை இறக்குவது பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

நம்பகமான சோதனை கடிகாரம்தான். வாங்கிய புதிதில் சாதாரண வேகத்தில் எத்தனை நிமிடம் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிரஷ் சுத்தமாக இருந்தும் அது பாதிக்குக் கீழே வந்தால் மாற்ற வேண்டிய காலம். இத்தகைய செல்கள் சாதாரணமாக 300 முதல் 500 முழுச்சுற்று வரை நன்றாக உழைக்கும். தினமும் ஓடும் ரோபோவுக்கு இரண்டு வருடம் என்பது மோசமான ஆயுள் அல்ல.

இதே லித்தியம் குடும்பம்தான் நம் ஊருக்கும் மின்சாரம் தர உதவுகிறது. தெற்கு அந்தமானில் என்.எல்.சி. நிறுவனம் 2020-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தோடு 8 மெகாவாட்-மணி பாட்டரித் தொகுதியும் உண்டு. மேகம் மறைக்கும்போது மின்சாரம் சட்டென்று விழாமல் அது தாங்கிப்பிடிக்கிறது. நம் ரோபோவின் பாட்டரியைப் போல இரண்டு லட்சம் பங்குக்கும் மேல்!

6. ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ தமிழ்நாடு போனால் வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். மெயினை அணைத்துவிட்டு, ரோபோவை அப்படியே ஸ்டாண்டில் விட்டுப் போகாதீர்கள். அது காத்திருந்தே சார்ஜைத் தின்றுவிடும். மிகவும் கீழே இறங்கிய லித்தியம் செல்லைக் காவல் சர்க்யூட் மறுபடி சார்ஜ் ஏற விடாது. முழுச் சார்ஜ் ஏற்றி, ரோபோவின் சுவிட்சை அணைத்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். நீண்ட நாள் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும்.

சென்னையிலிருந்து புதுப் பாட்டரி கொண்டுவருவோர் கவனிக்கவும். தனிப் பாட்டரியை விமானத்தின் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணிக்கு உட்பட்டதைக் கைப்பையில், முனைகளை டேப்பால் மூடிக் கொண்டுவரலாம். வோல்ட், மாடல் எண், இணைப்புக் கொக்கி மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

7. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

பாட்டரி உறை உப்பினாலோ, கை வைக்க முடியாத சூடு வந்தாலோ, விநோத வாடை அடித்தாலோ அன்றே உபயோகத்தை நிறுத்துங்கள். அதைக் குத்தவோ, பிரித்துச் செல்லுக்குச் செல் பற்றவைக்கவோ வேண்டாம். வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத சிமெண்ட் தரையில், மழை படாமல் வையுங்கள். லித்தியம் பாட்டரி தீப்பற்றினால் வீட்டுக்குள் அணைப்பது மிகக் கடினம். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இதை அவர்களுக்கு அவசியம் சொல்லி வையுங்கள்.

பழைய பாட்டரியைக் குப்பையிலோ கடலோரத்திலோ வீசாதீர்கள். 2022-ஆம் ஆண்டு பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தீர்ந்த பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே வைப்பது நம் பொறுப்பு. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் நாம் எறிவது எதுவும் தூரம் போவதில்லை.

சுருக்கமாக வரிசை இதுதான்: பிளக், அடாப்டர், தகடு, ஸ்டாண்டின் இடம், பிரஷ், கடைசியில் பாட்டரி. இதை எழுதி ஸ்டாண்டுக்கு மேல் சுவரில் ஒட்டிவிடுங்கள். அடுத்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு நான் மல்டிமீட்டரோடு வருகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் அடாப்டரை மட்டும் எடுத்து வந்தால் போதும். முதல் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.