ஃபோர்க்லிஃப்ட் ஏன் குப்புற விழுவதில்லை?

தேங்காய் துருவும் மணையில் உட்காராமல், அலகின்மேல் மூடியை வைத்து அழுத்திப் பாருங்கள். மணையின் பின்பக்கம் எழும்பிவிடும். உட்கார்ந்து அழுத்தினால் அசையாது. ஃபோர்க்லிஃப்டும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. முன்சக்கரம்தான் மணையின் முன்கால், ஃபோர்க் அலகு. பின்னால் இருக்கிற வார்ப்பிரும்புக் கவுண்டர்வெயிட், மணையில் உட்கார்ந்திருப்பவர்.

சரக்கு எவ்வளவு கனம் என்பது பாதிக் கணக்கு. எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மீதி. வண்டியின் தகட்டில் '500 மி.மீ.யில் 2,000 கிலோ' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபோர்க்கின் நிமிர்ந்த முகத்திலிருந்து சரக்கின் நடுமையம்வரை அந்த 500. முகத்திலிருந்து முன்அச்சுவரை இன்னொரு 400 என்றால் மொத்தம் 900. ஃபோர்க்கில் நீட்டிப்பு மாட்டி நீளமான சரக்கை ஏற்றினால், நடுமையம் 800க்குப் போகிறது. மொத்தம் 1,200. இப்போது அதே வண்டி 1,500 கிலோதான் தாங்கும். கிளாம்ப் மாதிரி ஏதாவது மாட்டினால் இன்னும் மோசம்: தன் எடையையும் சேர்த்து, சரக்கையும் முன்னே தள்ளிவிடும்.

எலெக்ட்ரிக் வண்டியில் பேட்டரியின் கனமும் கவுண்டர்வெயிட்டில் சேர்த்தி. அதனால்தான் அதன் குறைந்தபட்ச எடையைத் தகட்டிலேயே போடுகிறார்கள். எடை பார்க்காமல் லேசான லித்தியம் பேட்டரிக்கு மாறுவது, மணையிலிருந்து பெரியவரை எழுப்பிவிட்டுக் குழந்தையை உட்காரவைப்பதுதான்.

அப்படியானால் பின்னால் இன்னும் இரண்டு இரும்புக் கட்டியை வைத்துவிட்டால்? எல்லா மாற்றங்களிலும் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பாரம் மிஞ்சும்போது பின்சக்கரம் லேசாவதுதான் ஆபரேட்டருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. கூடுதல் எடை அதை அமுக்கிவிடும். ஃபோர்க் ஏறி இறங்கும் மாஸ்ட், சங்கிலி, முன்அச்சு, டயர் எல்லாம் பழைய பாரத்துக்குச் செய்தவை. மணையில் இரண்டு பேர் உட்கார்ந்து அழுத்தினால் மணை எழும்பாது, அலகுதான் வளையும்.

ஃபோர்க்கில் கொக்கி வெல்டிங் வைப்பதும் ஓட்டை போடுவதும் சின்ன வேலை மாதிரித் தெரியும். அது பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் பதம் போய்விடும். வளைவில் தடிமன் 10 சதவீதம் தேய்ந்தாலே வலிமை ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது என்று ஃபோர்க்கையே கழித்துவிடுவார்கள். வாசல் இடிக்கிறது என்று தலைக்கு மேலுள்ள கூண்டை அறுப்பவர்களும் உண்டு. மேலிருந்து பெட்டி விழுந்தால் ஆபரேட்டரின் தலையைக் காப்பது அந்தக் கூண்டுதான்.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.178, தூக்கும் திறனையோ பாதுகாப்பையோ பாதிக்கிற மாற்றத்துக்குத் தயாரிப்பாளரின் எழுத்துமூல ஒப்புதலை முன்கூட்டியே கேட்கிறது. ஒப்புதல் வந்தால் தகட்டையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், அடுத்த ஷிஃப்டுக்கு வரும் ஆபரேட்டர் 2,000 கிலோ என்று நம்பித்தான் தூக்குவார்.