ஒளியை அளந்து கொடுக்கும் மாளிகை

பட்டுச் சேலையை வெயிலில் காயப்போடாதே, நிழலில் உலர்த்து என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. சரி, நிழலில் இருந்தால் வெளுக்கவே வெளுக்காதா? 300 ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே தொங்கிய பட்டு என்னவாகியிருக்கும்?

இதற்கு விடை சொல்லும் வீடு ஒன்று லண்டனின் தென்மேற்கே, ரிச்மண்டுக்கு அருகில், தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஹாம் மாளிகை என்பது அதன் பெயர். 1610-இல் கட்டப்பட்டது. 1670-களில் லாடர்டேல் கோமகனும் அவருடைய மனைவி எலிசபெத்தும் தென்புறத்தில் இதை விரிவாக்கி, இரண்டாம் சார்லஸ் மன்னரின் மனைவி கேதரின் வந்தால் தங்குவதற்கென அறைகளை அலங்கரித்தார்கள். 1948-இல் மாளிகை நேஷனல் டிரஸ்ட் என்ற அறநிறுவனத்தின் கைக்கு வந்தது. அறைகலன்களையும் அலங்காரப் பொருள்களையும் 1990 வரை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் கவனித்துக்கொண்டது.

எந்த அறையில் என்ன இருந்தது என்று அக்காலத்திலேயே பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். அரசியின் முன்கூடத்துச் சுவர்களில் நீல டமாஸ்க் பட்டும், நீல வெல்வெட் கரையும், பொன்னிழை வேலையும் இருந்ததாக 1683-ஆம் ஆண்டுப் பட்டியல் சொல்கிறது. பட்டு இன்றும் இருக்கிறது. பட்டியல் சொல்லும் நீலந்தான் மங்கிப்போய்விட்டது.

இது எப்படி நடந்தது? ஒளி ஃபோட்டான் எனப்படும் சிறுசிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்பதைப் படித்திருப்பீர்கள். 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 700 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு ஏறக்குறைய 1.8, 400 நானோமீட்டர் ஊதாவுக்கு 3.1, 350 நானோமீட்டர் புற ஊதாக் கதிருக்கு 3.5. இரண்டு கார்பன் அணுக்களை இணைக்கும் ஒற்றைப் பிணைப்பை முறிக்கச் சுமார் 3.6 தேவை. புற ஊதா அந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் வந்துவிடுகிறது, பாருங்கள்! சாதாரண சன்னல் கண்ணாடி இக்கதிர்களை முழுவதும் தடுப்பதில்லை. போதாக்குறைக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேறு. ஒளியை விழுங்கிக் கிளர்ச்சியுற்ற சாய மூலக்கூறு ஆக்சிஜனோடு எளிதில் வினைபுரிந்து நிறத்தை இழக்கிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளியும் குற்றமற்றதன்று. பட்டிழையும் காலப்போக்கில் வலுவிழந்து நொறுங்கத் தொடங்குகிறது.

இதில் முக்கியமானது, ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போகும் என்பது. ஒளிச்செறிவை நேரத்தால் பெருக்கிவரும் தொகைதான் கணக்கு. நேரடி வெயிலின் ஒளிச்செறிவு சுமார் 1,00,000 லக்ஸ். துணிகளுக்கு அருங்காட்சியகங்கள் அனுமதிப்பது 50 லக்ஸ். அப்படியானால் வெயிலில் 1 மணி நேரம் என்பது 50 லக்ஸில் 2,000 மணி நேரத்துக்குச் சமம். நாளுக்கு 7 மணி நேரம் அறையைத் திறந்து வைத்தாலும் அதற்கு 285 நாட்களுக்கு மேல் ஆகும். நிழல் சேதத்தைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே.

ஹாம் மாளிகைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அரசியின் அறைகள் தெற்கு நோக்கியவை. லண்டனின் அட்சரேகை 51.5 பாகை. கோடையின் உச்சத்தில் நண்பகல் சூரியன் 62 பாகை உயரத்தில் நிற்கும்; 2 மீட்டர் உயரமுள்ள சன்னலின் மேல் விளிம்பு வழியே நுழையும் கதிர் சுமார் 1 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். டிசம்பரிலோ சூரியன் 15 பாகைதான் ஏறுகிறது. அதே கதிர் ஏழரை மீட்டர் உள்ளே போய் எதிர்ச் சுவரையே தொடும். வெயில் குறைந்த குளிர்காலந்தானே என்று அங்கே அசட்டையாக இருக்க முடியாது!

அதனால்தான் இத்தகைய மாளிகைகளில் சன்னல் கண்ணாடிகளுக்குப் புற ஊதாவைத் தடுக்கும் படலம் ஒட்டித் திரைகளை இறக்கி வைக்கிறார்கள். ஓர் அட்டையில் 8 நீலக் கம்பளித் துண்டுகளை வைத்து ஒளியின் வேலையை அளக்கும் முறையும் உண்டு. முதல் துண்டின் சாயம் மிக விரைவில் வெளுக்கும், எட்டாவது மிக மெதுவாக. அட்டையில் பாதியை மூடிவைத்துச் சில மாதங்கள் கழித்துத் திறந்து ஒப்பிட்டால், அந்தச் சுவர் எவ்வளவு ஒளியை வாங்கியது என்பது தெரிந்துவிடும். மலிவான, மின்சாரம் வேண்டாத கருவி. கல்லூரி ஆய்வகத்துக்கும் ஏற்றது என்பேன்.

இனி வெளியே தோட்டத்துக்கு வாருங்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே மரமும் புதரும் மண்டிப் பழைய அமைப்பே மறைந்து கிடந்தது. ஸ்லெசர், விக் என்ற இருவர் 1671-ஐ ஒட்டி வரைந்த வரைபடம் மட்டும் பிழைத்திருந்தது. அதைக் கொண்டு 1975-இல் சீரமைப்புத் தொடங்கியது. தெற்கே எட்டுச் சதுரப் புல்வெளிகள், அவற்றுக்கப்பால் வேலிச்செடிகளுக்கிடையே நட்சத்திரம்போல் பிரியும் பாதைகள் எல்லாம் திரும்ப வந்தன. கிழக்குப் பக்கத்து லாவெண்டர்ப் பாத்திகள் மட்டும் 20-ஆம் நூற்றாண்டின் வடிவமைப்பு. பார்க்க அழகுதான், ஆனால் அதைப் பழையது என்று எண்ணிவிடக் கூடாது.

தோட்டத்தை வரைபடத்திலிருந்து மீட்க முடிந்தது. பட்டின் நீலத்தை ஏன் மீட்க முடியவில்லை? இலையிலுள்ள பச்சையத்தையும் ஒளி சிதைக்கத்தான் செய்கிறது. ஆனால் உயிருள்ள செடி அந்த ஒளியின் ஆற்றலைக் கொண்டே புதுப் பச்சையத்தை ஆக்கிக்கொள்கிறது. பட்டிலுள்ள சாயத்துக்கு அந்த வழி இல்லை. மறுபடி சாயமேற்றினால் அது நம் காலத்துச் சாயமாகிவிடும். நலிந்த இழையும் அதைத் தாங்காது.

தோட்டத்து வெயிலிலிருந்து நேரே அரசியின் முன்கூடத்தில் நுழைபவர்களுக்கு அறை இருட்டாகத்தான் தோன்றும். கண்மணி சில நொடிகளில் விரிந்துவிடும். விழித்திரை பழகச் சில நிமிடங்கள் வேண்டும். 50 லக்ஸ் என்பது, பழகிய கண்ணுக்கு நிறங்கள் பிரிந்து தெரியப் போதுமான ஒளி. ஆகவே இத்தகைய அறைக்குள் நுழைந்ததும் விளக்கைக் கூட்டச் சொல்லாமல் சற்று நில்லுங்கள். பிறகு வெல்வெட் கரையின் மடிப்புகளை உற்றுப் பாருங்கள். வெளிச்சம் நேராக விழாத இடங்களில்தான் பழைய நிறத்தைத் தேட வேண்டும்.