குழந்தைக்காக ஒரு படத்தை வெட்டுவது எப்படி?

சின்ன வயதில் நாம் வாயைப் பிளந்து பார்த்த படத்தை நம் பிள்ளைக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசை இயல்பானது. உங்களுக்கு அந்தப் படம் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' என்று வைத்துக்கொள்வோம். தொப்பியும் சாட்டையுமாக வரும் இந்தியானா ஜோன்ஸின் முதல் படம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கத்தில் 1981இல் வந்தது. உருண்டு வரும் பெரிய பாறையும், லாரித் துரத்தலும் உங்களுக்கு இன்றும் நினைவிருக்கும். ஆனால் படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே, கூர்முனைகள் துளைத்த ஒரு பிணம் திடீரென்று முகத்துக்கு நேரே வந்து நிற்கும். அது மறந்து போயிருக்கும். பக்கத்தில் உங்கள் மகள் உட்கார்ந்திருப்பாள்.

அந்த நேரத்தில் ரிமோட்டைத் தேடுவதை விட, முன்கூட்டியே படத்தைக் குழந்தைக்கு ஏற்றபடி வெட்டி வைக்கலாமே? தாராளமாக வைக்கலாம். எதை வெட்டுவது, எதை விடுவது, சட்டம் எதுவரை அனுமதிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சான்றிதழைப் பார்த்து முடிவெடுத்தால் போதாதா?

பழைய படங்களுக்குப் போதாது. இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் கிடைத்தது 'பிஜி' சான்று (பெற்றோர் துணையோடு குழந்தைகள் பார்க்கலாம்). அதுவும் எளிதில் கிடைக்கவில்லை. உச்சக்கட்டக் காட்சியில் ஒருவரின் தலை வெடிக்கும். அதன் மேல் தீப்பிழம்பை ஏற்றி ஓரளவு மறைத்த பிறகுதான் கிடைத்தது.

1984இல் இரண்டாவது படமான 'டெம்பிள் ஆஃப் டூம்' வந்தது. அதில் ஒரு மனிதனின் மார்பிலிருந்து இதயத்தைப் பிடுங்கும் காட்சி இருக்கிறது. அதற்கும் பிஜி சான்றுதான். பெற்றோர் கொதித்தார்கள். நடுவில் இன்னொரு படி வேண்டும் என்று ஸ்பீல்பெர்க்கே யோசனை சொன்னார். அந்த ஆண்டு ஜூலையில் 'பிஜி-13' பிறந்தது. ஆக, அதற்கு முந்தைய படத்தில் பிஜி என்று இருந்தால், இன்றைய பிஜி போல அதை நம்பிவிட வேண்டாம்.

இந்தியாவில் 2023இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, 'யு/ஏ' சான்றை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இது பெற்றோருக்குச் சொல்லும் யோசனை. உங்கள் பிள்ளையின் சுபாவம் அந்த எண்ணுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

குழந்தை எதைப் பார்த்துப் பயப்படும்?

நாம் நினைப்பதைப் பார்த்து அல்ல. குழந்தைகளின் பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜோஆன் கேன்டர் சொல்வதன் சாரம் இது: ஏறக்குறைய ஏழு வயது வரை குழந்தையைப் பயமுறுத்துவது தோற்றம். கோரமான முகமும் சட்டென்று மாறும் உருவமும் அதை உலுக்கிவிடும். தொலைக்காட்சித் தொடரில் ஹல்க் நல்லவன்தான். ஆனாலும் அவன் பச்சை அரக்கனாக மாறும் காட்சியைக் கண்டு மழலைகள் மிரண்டார்கள். வயது ஏற ஏற, நிஜமாகவே நடக்கக்கூடிய ஆபத்துகள் பயமுறுத்தத் தொடங்கும்.

"அதெல்லாம் சும்மா, நடிப்பு" என்று நாம் சொல்லும் ஆறுதல் நாலைந்து வயதில் அவ்வளவாக எடுபடாது. கையைப் பிடித்துக்கொள்வதும் மடியில் இருத்திக்கொள்வதும் பலன் தரும். எட்டு வயதுக்கு மேல் விளக்கம் கைகொடுக்கும்.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் படத்தை எவ்வளவு வெட்டினாலும் பொருந்தாது. இன்னும் இரண்டு மூன்று வருஷம் பொறுங்கள். கீழே வருவது ஏழு எட்டு வயதிலிருந்து பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு.

சரி, எதை வெட்டலாம்?

மூன்று காட்சிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் வெட்டு வேறு மாதிரி.

முதலாவது, விமானம். ஒரு முரட்டு ஆள் இந்தியானாவோடு சண்டை போடுகிறான். அவனுக்குப் பின்னால் விமானத்தின் விசிறி சுழன்றுகொண்டிருக்கிறது. அவன் அதில் சிக்குவதைப் படம் நேராகக் காட்டாது. இந்தியானா முகத்தை மறைத்துக்கொள்வார். அடுத்து ரத்தம் தெறிக்கும். இங்கே நீக்க வேண்டியது ரத்தம் தெறிக்கும் அந்த ஒரு ஷாட்டை (இரண்டு வெட்டுகளுக்கு நடுவே உள்ள துண்டு) மட்டும். முகத்தை மறைப்பதை விட்டுவையுங்கள். அதையும் எடுத்தால், "அந்தக் குண்டு மாமா எங்கே போனார்?" என்ற கேள்வி வரும்.

இரண்டாவது, நேபாள மதுக்கடை. வில்லன் ஒருவன் தீயில் காய்ந்த பதக்கத்தை எடுக்கப்போய் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு அலறுவான். இதை முழுதாக நீக்க முடியாது. பதக்கத்தின் ஒரு பக்கம் அவன் கையில் தழும்பாகப் பதிந்ததால்தான், புதைந்த பெட்டியைத் தேடும் நாஜிகள் தவறான இடத்தில் தோண்டுகிறார்கள். கதையின் சாவியே அந்தக் கை. காட்சியை அப்படியே விட்டுவிட்டு அலறலின் ஒலியை மட்டும் அடக்குங்கள்.

மூன்றாவது, குரங்கு. கெய்ரோவில் விஷம் கலந்த பேரீச்சம்பழத்தைத் தின்று ஒரு குட்டிக் குரங்கு செத்துப்போகும். பெரியவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. என் அக்கா மகனுக்கு எட்டு வயதில் இந்தப் படத்தைக் காட்டினேன். துப்பாக்கிச் சண்டைகளையெல்லாம் சோளப்பொரி தின்றபடியே பார்த்தான். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கேட்டான்: "சித்தி, அந்தக் குரங்கு தூங்குதா, செத்துடுச்சா?" அவன் மனத்தில் தங்கியது அது ஒன்றுதான்.

இதை நீக்குவதானால், குரங்கு கிடக்கும் காட்சியை மட்டும் எடுத்தால் போதாது. அதற்கு முன்னால் ஒருவன் பழத்தில் விஷம் ஊற்றுவானே, அதையும் எடுக்க வேண்டும். விஷம் ஊற்றியதைப் பார்த்த குழந்தை, அதை யார் தின்னப்போகிறார்கள் என்று படம் முடியும்வரை காத்துக்கொண்டிருக்கும். விதையை விட்டுவிட்டுச் செடியை மட்டும் வெட்டினால் பயம் குழந்தையின் மனத்துக்குள் முளைத்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்து எடுங்கள்.

எதை வெட்டக் கூடாது?

ஆபத்தை வெட்டாதீர்கள். பாறை உருளட்டும். பாம்புக் குழிக்குள் இந்தியானா இறங்கட்டும். ஆபத்து வருகிறது, நாயகன் பயப்படுகிறார், யோசிக்கிறார், தப்பிக்கிறார். குழந்தைக்கு இந்தப் படம் கொடுக்கும் பரிசே இதுதான். பாம்பைக் கண்டால் இந்தியானாவுக்கே நடுக்கம் என்பது பயந்த பிள்ளைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

எனவே ஒரு காட்சியைப் பார்க்கும்போது உங்களையே கேளுங்கள்: இது ஆபத்தைக் காட்டுகிறதா, வலியை நின்று ரசிக்கிறதா? முதலாவது இருக்கட்டும். இரண்டாவது போகட்டும். இப்படிப் பார்த்தால் நீங்கள் எடுக்கப்போவது சில நிமிடங்கள்தான். 115 நிமிடப் படம் அப்படியே நிற்கும்.

வெட்டினால் ஒலி தூக்கிப்போடாதா?

போடும். முதன்முறை வெட்டுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. பின்னணி இசை பல ஷாட்டுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஆறு நொடி எடுத்தால் பாட்டு விக்கும். இசை ஓய்ந்த இடத்தில் வெட்டுங்கள். அது முடியாவிட்டால், கதவு அறைவது, வெடிப்பது போன்ற பெரிய சத்தத்தின் மேல் வெட்டுங்கள். அந்தச் சத்தம் வெட்டை மறைத்துவிடும்.

இந்தப் படத்தின் பயத்தில் பெரிய பங்கு ஒலிக்கு உண்டு. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், பாறை உருளும் சத்தத்துக்கு ஒரு காரைச் சரளைக்கல் சரிவில் உருளவிட்டுப் பதிவு செய்தார். பாம்புகள் நெளியும் சத்தத்துக்கு, வீட்டில் மனைவி செய்திருந்த பிசுபிசுப்பான சீஸ் பதார்த்தத்துக்குள் விரல்களை விட்டுப் பிசைந்தார். படம் போடும் முன் இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். குழைந்த தயிர்சாதத்தைக் காதருகே பிசைந்தும் காட்டுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பாதிப் பயம் அங்கேயே சிரிப்பாகிவிடும்.

கம்ப்யூட்டரில் எப்படிச் செய்வது? எடிட்டிங் தெரிய வேண்டுமா?

தெரிய வேண்டாம். படத்தைத் தொடாமலேயே வெட்டும் வழி ஒன்று இருக்கிறது. 'கோடி' என்ற இலவச மீடியா பிளேயர், 'இடிஎல்' கோப்பு (எங்கே தாண்ட வேண்டும் என்று சொல்லும் சிறு குறிப்பு) ஒன்றைப் படித்துக்கொள்ளும். படம் இருக்கும் ஃபோல்டரிலேயே, படத்தின் பெயரிலேயே, கடைசியில் புள்ளி வைத்து இடிஎல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு அதைச் சேமிக்க வேண்டும்.

அதில் என்ன எழுதுவது? ஒரு வரிக்கு மூன்று எண்கள். தொடங்கும் நொடி, முடியும் நொடி, செய்ய வேண்டிய வேலை. வேலைக்கு 0 என்றால் தாண்டு, 1 என்றால் ஒலியை மட்டும் அடக்கு. 12 நிமிடம் 30 நொடியிலிருந்து ஆறு நொடியைத் தாண்ட வேண்டுமா? 12ஐ 60ஆல் பெருக்கி 30ஐக் கூட்டினால் 750. ஆக, வரி இப்படி இருக்கும்: 750 756 0. அவ்வளவுதான்.

வேறொருவர் எழுதிய நேரக் குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? வேண்டாம். உங்கள் டிவிடி 'பால்' முறையில் (நொடிக்கு 25 படம்) இருக்கலாம். அதில் படம் கொஞ்சம் வேகமாக ஓடி, நாலைந்து நிமிடம் முன்பே முடிந்துவிடும். ப்ளூரேயில் எடுத்த நேரம் அதற்குப் பொருந்தாது. உங்கள் பிரதியை நீங்களே தனியாக ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓடிடியில் பார்க்கிறவர்களுக்கு இந்த வழி இல்லை. நேரங்களை ஒரு தாளில் எழுதி, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எடிட்டிங்தான்.

இது சட்டப்படி சரியா?

வீட்டில் தாண்டித் தாண்டிப் பார்ப்பதில் சிக்கல் இல்லை. வெட்டிய பிரதியை வெளியே கொடுப்பதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் படங்களைச் 'சுத்தம்' செய்து பிரதி எடுத்து விற்ற கிளீன்ஃப்ளிக்ஸ் என்ற நிறுவனம் 2006இல் வழக்கில் தோற்றது. வீட்டுக்குள் தாண்டிப் பார்க்க உதவும் கருவிகளுக்கு அங்கே 2005இலேயே தனிச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் நிலையான புதுப் பிரதி உருவாகக் கூடாது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கு ஓரளவு இடம் தருகிறது. 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. நடைமுறையில் இதை நினைவில் வைத்தால் போதும்: வெட்டிய படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், யூடியூபில் ஏற்றாதீர்கள், பள்ளியில் திரையிடாதீர்கள்.

இப்படி வெட்டுவது படைப்புக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

நியாயமான கேள்வி. மூலப் படத்தையே மாற்றினால் துரோகம்தான். ஸ்பீல்பெர்க்கே ஒருமுறை அதைச் செய்து வருந்தினார். 'ஈ.டி.' படத்தின் இருபதாம் ஆண்டு வெளியீட்டில், 2002இல், குழந்தைகளைத் துரத்தும் அதிகாரிகளின் கையிலிருந்த துப்பாக்கிகளை வாக்கிடாக்கிகளாக மாற்றினார். பிறகு அது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். 2012 ப்ளூரேயில் துப்பாக்கிகள் திரும்பி வந்தன. நீங்கள் எழுதும் குறிப்பு மூலத்தில் ஒரு நொடியைக்கூட அழிப்பதில்லை.

வெட்டவே முடியாதவை உண்டா?

உண்டு. 'டெம்பிள் ஆஃப் டூம்' கதை நடப்பது இந்தியாவில். திரைக்கதைக்கு இந்திய அரசு ஆட்சேபம் தெரிவித்ததால், படப்பிடிப்பை இலங்கையின் கண்டிப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். இதயம் பிடுங்கும் ஷாட்டைச் சில நொடிகளில் எடுத்துவிடலாம். ஆனால் அரண்மனை விருந்தில் குரங்கு மூளை பரிமாறுவதும், காளி வழிபாட்டை நரபலியாகக் காட்டுவதும் கதை முழுக்க ஊறிக் கிடக்கின்றன. கத்தரிக்கோலால் அதைப் பிரிக்க முடியாது. படத்தை நிறுத்தி, "இவர்கள் நம்மைத் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள்" என்று பேசத்தான் வேண்டும். பேசிப் புரிந்துகொள்ளும் வயது வரும்வரை அந்தப் படம் காத்திருக்கட்டும்.

உச்சக்கட்டக் காட்சியை என்ன செய்வது?

முதல் படத்தின் முடிவில் உடன்படிக்கைப் பெட்டியை (பத்துக் கட்டளைப் பலகைகளை வைத்திருந்ததாக விவிலியம் சொல்லும் பேழை) நாஜிகள் திறப்பார்கள். பார்த்தவர்களின் முகம் உருகும். ஏழு எட்டு வயதுக்கு இதைவிடக் கடுமையான காட்சி படத்தில் இல்லை. முழுதாகத் தாண்டினால் கதைக்கு முடிவே இருக்காது.

ஆனால் வழியைப் படமே வைத்திருக்கிறது. கம்பத்தில் கட்டப்பட்டிருக்கும் இந்தியானா, கூடவே கட்டப்பட்டிருக்கும் நாயகி மேரியனைக் கண்ணை மூடச் சொல்கிறார். இருவரும் இறுக மூடிக்கொள்கிறார்கள். மூடியவர்கள் பிழைக்கிறார்கள். முன்பே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்: "அவங்க கண்ணை மூடும்போது நாமும் மூடிக்கணும். அதுதான் விளையாட்டு." கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. அதனால் அந்த இடத்துக்கு 1 போட்டு ஒலியை அடக்குங்கள். பெட்டி மூடி விழுந்து எல்லாம் அடங்கியதும் தோளைத் தட்டுங்கள். கண்ணைத் திறந்தால், கட்டவிழ்ந்து உயிரோடு நிற்கும் இருவர். உங்கள் மகளும் அவர்களோடு சேர்ந்து தப்பித்திருப்பாள்.

பதின்மூன்று வயதில் ஒருநாள், "அப்போ கண்ணை மூடினோமே, அங்க என்னதான் இருந்துச்சு?" என்று அவளே கேட்பாள். அந்தச் சின்னக் குறிப்புக் கோப்பை அழித்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். முழுப் படமும் அப்படியே இருக்கும்.