1982ஆம் ஆண்டும் தமிழ்த் தொலைக்காட்சி ஒளிபரப்பும்

இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றில் 1982, வண்ண ஒளிபரப்பு அறிமுகமான ஆண்டாகவே பெரிதும் சுட்டப்பெறுகிறது. தமிழ் ஒளிபரப்பை நோக்க, அவ்வாண்டின் நேர வகுப்பு மாற்றமே முதன்மையானது.

1982 ஆகஸ்டு 15 அன்று தூர்தர்ஷனின் தேசிய நிகழ்ச்சி தொடங்கிற்று. தில்லியிலிருந்து வந்த அதனைப் பிற நிலையங்கள் அஞ்சல் செய்தன. 1975இல் தோன்றிய சென்னை நிலையத்திலும், பார்வையாளர் மிகுந்த இரவு நேரத்தின் பெரும்பகுதி இந்திக்கும் ஆங்கிலத்திற்கும் உரியதாயிற்று. தமிழ் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மாலைப்பொழுதில் அடங்கின.

தேசிய நிகழ்ச்சியைப் பரப்பத் துணைநின்ற செயற்கைக்கோள் தொழில்நுட்பமே பின்னர், 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் தொலைக்காட்சி முதலான தனியார் அலைவரிசைகள் வழித் தமிழுக்கு இரவு நேரத்தை மீட்டளித்தது. ஆகவே ஒளிபரப்பில் ஒரு மொழி பெறும் இடத்தை, நேரத்தை வகுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே தீர்மானிக்கிறது எனலாம்.