குளிர்காய ஒரு சொல்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி விடியல்களில் அங்கே சில நாள் புல்லின்மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெயில் ஏறியதும் பனி பட்ட தேயிலைத் தளிர் தீ பட்டதைப்போலக் கருகிவிடும். இந்தக் குளிரில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையகத் தமிழரின் பேச்சில் ‘காய்’ என்ற வினைக்கு ஓய்வே கிடையாது.

லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் அடுப்பில் விடியுமுன் காய்வது சுடுதண்ணி. பிள்ளைகள் அடுப்படியில் குந்திக் குளிர் காய்வார்கள். நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற தாய் ‘மேலு காயுது’ என்றால் அது காய்ச்சல். மழைக்காலத்தில் உடுப்பும் காயாது, கொழுந்துக்குப் போய் நனைந்த கம்பளியும் காயாது. இரண்டும் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கும். எரிக்கக் கிடைப்பது கவ்வாத்து மலையிலிருந்து சுமந்து வந்த மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி. அது ஈரமாக இருந்தால் சூட்டைவிடப் புகைதான் அதிகம். அந்தப் புகை வெளியே போக வழியில்லாத காம்பராக்கள் இன்றும் இருக்கின்றன.

சூடேறுவதையும் ஈரம் போவதையும் தமிழ் ஒரே வினைக்குள் வைத்திருக்கிறது. அந்தப் பொருத்தத்தைத் தேயிலைத் தொழிற்சாலையில் கண்ணால் பார்க்கலாம். வாட்டி, அரைத்து, புளிக்க வைத்த இலை ஏறத்தாழ 100 பாகை வெப்பக் காற்றில் இருபது நிமிடமளவு காய்கிறது. உள்ளே போகும்போது பாதிக்கு மேல் ஈரம். வெளியே வரும்போது 3 விழுக்காடுதான். புளிப்பு எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் இந்தச் சூடுதான். சூடு கூடினால் கருகல் வாடை அடிக்கும். குறைந்தால் தூள் பூஞ்சணம் பிடிக்கும். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், களிமண் அடுப்பில் கரி மூட்டிக் கம்பித்தட்டில் இலையைக் காய வைத்தார். பங்களாதான் அவருக்குத் தொழிற்சாலை. பிறகு பெல்ஃபாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் செய்த உலர்த்தி இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்கு அவர் வைத்த ‘சிரோக்கோ’ என்ற பெயர் சகாராவிலிருந்து வீசும் வெப்பக் காற்றினுடையது.

மலையும் காயும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஹட்டன், டிக்கோயா பக்கத்தில் வறண்ட காற்றும் இரவுக் குளிரும் சேர்ந்து நல்ல மணமுள்ள தேயிலையைத் தருகின்றன. ஏலத்தில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் செடியில் தளிர் குறைந்துவிடும். சொன்ன கிலோ எடுக்க முடியாதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். மலை காய்ந்தால் வயிறும் காயும்.

குளிர்காய்தல் என்பதற்குப் பிறர் துன்பத்தில் ஆதாயம் தேடுவது என்றும் பொருள் உண்டு. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் உறவுகளைப் பறிகொடுத்து வந்தவர்கள் உருவாக்கிய தோட்டங்கள் இவை. அவர்கள் உழைப்பில் முதலில் வெள்ளைக்காரக் கம்பனிகள் குளிர்காய்ந்தன. சுதந்திரம் வந்ததும், 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களையே நாடற்றவர்களாக்கியது. இந்த வரலாற்றுக்குக் ‘குளிர்காய்தல்’ என்பதைவிட மென்மையான சொல்லை நான் தேடப்போவதில்லை.

இப்போது தோட்டங்களில் தனி வீடுகள் எழுகின்றன. இந்திய உதவியில் 4,000 வீடுகள் என்று தொடங்கிய திட்டத்தில் இன்னும் 10,000 சேர்க்கப்படும் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டது. வரைபடம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொழுந்து காய்வதற்கு அளந்து சூடு கொடுக்கத் தெரிந்த நாடு இது. அதைப் பறிக்கிறவரின் வீட்டில் புகைபோக்கி வைத்த அடுப்படியும், மழை நாளில் கம்பளி காயப்போட ஒரு கூரையடி இடமும் கட்டாயம் இருக்கட்டும்.