இணையவழிக் குறும்படப் போட்டியும் கிராம இளைஞரும்

கைத்தொலைபேசியிலுள்ள காமிராவைக் கொண்டு சிறு படங்கள் எடுக்கும் வழக்கம் நம் கிராமங்களில் வெகுவாகப் பரவியிருப்பது யாவரும் அறிந்த விஷயமே. மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் முதலிய பகுதிகளில், பகலில் வயலில் பாடுபட்டு ஓய்ந்த வேளையில் படம் பிடிக்கும் இளைஞர் பலர் உளர். இணையத்தின் வழியே நடைபெறும் குறும்படப் போட்டிகளில் கலந்துகொள்ள அவர்களுக்கு ஆவல் மிகுதி. ஆயினும், முறை அறியாமையால் நல்ல முயற்சிகளும் வீணாகக்கூடும். அவர்களுக்கு உதவும்பொருட்டுச் சில குறிப்புகள் இங்கே தரப்படுகின்றன.

ஓர் உதாரணம்.— தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2015-ஆம் ஆண்டு முதல் குறும்படப் போட்டி நடத்தி வருகிறது. 2024-ஆம் ஆண்டுப் போட்டிக்கு 300-க்கு மேற்பட்ட படங்கள் வந்தன. அவற்றுள் மூன்றாம் பரிசாகிய ரூ. 1 லட்சத்தைப் பெற்றது தமிழ்நாட்டிலிருந்து சென்ற 'காட்' என்னும் படம். ஒரு முதியவரைக் கொண்டு குடிநீரின் அருமையை உணர்த்தும் மௌனப் படம் அது. ஒரு மனிதர், ஒரு பொருள், ஒரு கருத்து. இவை போதுமானவை என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

விஷயத்தைத் தேர்ந்தெடுத்தல்.— பலரும் எடுப்பதையே தாமும் எடுத்தல் பெரும்பிழை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியைப் பதிவு செய்யும் கைகள் பல்லாயிரம். திருவிழா முடிந்தபின் சிம்மக்கல் பக்கத்துக் கரையில் நின்று, வற்றிய வைகையையும் அதில் வந்து கலக்கும் சாக்கடையையும் பொறுமையுடன் நோக்குவோர் மிகச் சிலரே. அந்தச் சிலர் பார்ப்பதே படத்திற்கு உரிய விஷயமாகும். தமக்கு நன்கு தெரிந்த ஒரு வேலை, ஓர் இடம், ஒரு கஷ்டம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்க. 'விவசாயத்தின் பெருமை' என்பது மூன்று நிமிஷத்துக்கு அடங்காது. 'எங்கள் கிணற்றில் இவ்வாண்டு நீர் எவ்வளவு கீழே போயிற்று' என்பது அடங்கும்.

முன்கூட்டித் திட்டமிடுதல்.— 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைப் பற்றிப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டுமாதலால், வேலை விடியலிலேயே தொடங்கும். இருட்டில் கைவிளக்குடன் செல்லும் பெண், மொட்டைக் கிள்ளும் விரல்கள், மடியில் சேரும் பூ, மாட்டுத்தாவணிச் சந்தையின் தராசு, வியாபாரி விலை சொல்லும்போது அவள் முகம் என ஐந்து காட்சிகளை முதல்நாளே தாளில் எழுதிக்கொள்க. வரத்து மிகுந்து விலை வீழ்ந்த நாளில் அந்த முகம் சொல்வதை எந்தப் பின்னணிக் குரலும் சொல்லாது.

வெளிச்சம்.— நம் ஜில்லாவின் உச்சிவெயிலில் முகங்கள் கறுத்தும் வானம் வெளுத்தும் தோன்றும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் எடுப்பது உத்தமம். படம்பிடிக்கப்படுவோர்க்கு நேர் பின்னால் சூரியன் இருத்தலாகாது. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையதாகையால், சில விளக்குகளின் கீழ் எடுக்கும் படம் துடிக்கும். காமிராவில் மாற்ற வசதியிருப்பின், வினாடிக்கு 25 சட்டங்கள் என்றும் திறப்பு நேரம் 50-இல் ஒரு வினாடி என்றும் வைத்துக்கொண்டால் அக்குறை பெரிதும் நீங்கும். காமிராவைக் கையில் பிடித்து அலையாமல், வரப்பின்மேலோ மூட்டையின்மேலோ அசையாது வைத்து, ஒவ்வொரு காட்சியையும் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை எடுக்கவேண்டும்.

ஒலி.— படம் சற்று மங்கினாலும் பார்ப்போர் பொறுப்பர். பேச்சு கேளாவிடில் பொறார். பேசுபவரிடமிருந்து ஒரு கைதூரத்துக்குள் ஒலிவாங்கி இருத்தல் வேண்டும். பம்புசெட்டை நிறுத்திவிட்டுப் பேசச் செய்க. காற்று வீசினால் ஒலிவாங்கியின்மேல் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றலாம். சினிமாப் பாட்டை உரிமையாளர் அனுமதியின்றிச் சேர்த்தல் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு மாறாகும். அதனாலேயே படம் தள்ளப்படவும் கூடும். ஏற்றமும் இறக்கமுமாய் ஒலிக்கும் வயற்காட்டுச் சப்தங்களே போதுமான சங்கீதம்.

உண்மை வழுவாமை.— இது மிக முக்கியம். அழகுக்காக, முகமூடியும் கையுறையும் இன்றி மருந்து தெளிப்பதுபோல் நடித்துக் காட்டினால், அதைக் காணும் மற்றொரு குடியானவர் அதுவே முறையென எண்ணிவிடலாம்; அதனால் வரும் தீங்கு பரிசுத் தொகையால் ஈடுசெய்யத்தக்கதன்று. ஒரே ஒரு செடியின் செழிப்பைக் காட்டி முழு வயலின் விளைச்சலென்று கூறுதலும் அத்தகையதே. படத்தில் தோன்றும் கூலியாட்களிடம் அதன் நோக்கத்தை விளக்கிச் சம்மதம் பெறுக. டிரோன் உபயோகிப்போர் 2021-ஆம் ஆண்டு விதிகளை முன்னரே அறிந்துகொள்க. விமான நிலையச் சுற்றுவட்டாரத்தில் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது.

அனுப்புதல்.— நிபந்தனைகளை இருமுறை படிக்கவேண்டும். நீளம் எவ்வளவு, படம் நெடுக்கிலா அகலத்திலா, மொழிபெயர்ப்பு வரிகள் வேண்டுமா, போட்டிக்குப்பின் படத்தின் உரிமை யாருடையது என்பனவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொள்க. வாட்ஸ்அப் வழியே கைமாறிய படம் தரம் குன்றியிருக்கும். ஆகையால் மூலப் பிரதியையே அனுப்புக. கடைசி நாள் இரவில் இணையம் மந்தமாகக்கூடும். இரண்டு நாள் முந்தி அனுப்புவது நலம். நடத்துவோர் யாரென்று விளங்காத போட்டிக்கு நுழைவுக் கட்டணம் செலுத்தலாகாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை.— விலையுயர்ந்த காமிரா வாங்குவதற்காக நகையை அடகு வைப்பதும் கடன் வாங்குவதும் கூடவே கூடாது. பரிசு என்பது மானாவாரி மகசூலைப் போன்றது. வந்தால் லாபம், நம்பி வட்டி கட்ட இயலாது. அனுப்புமுன் படத்தை ஊர்ச் சாவடியில் பத்துப் பேருக்குக் காட்டுக. அவர்களுள் ஒருவராவது, 'ஆம், நம் பாடு இதுதான்' என்று சொல்வாராயின், முயற்சி வீண்போகவில்லை என்று கொள்ளலாம். நம் இளைஞர்கள் இக்குறிப்புகளைக் கவனித்து, தங்கள் நிலத்தின் நன்மை தீமைகளைத் தாங்களே உலகுக்கு எடுத்துக்காட்ட முன்வருவார்களென நம்புகிறோம்.